நாலரை மணி அலாரமும் நான் கைவிட்ட பாயின்ட் கார்டும்!

அக்டோபர் 2023, கடைசி வாரம். விடியக்காலம் ஹாஸ்டலே குறட்டை விட்டுட்டு இருந்த நேரத்துல, போர்வைக்குள்ள மொபைலை வெச்சுக்கிட்டு நான் ஒரு பாவம் பண்ணினேன். சிகாகோ புல்ஸின் கோபி ஒயிட்டை என் டீமை விட்டு அனுப்பிட்டேன். ரெண்டு நாள் யாரும் சீண்டாம கிடந்தார். மூணாவது நாள் பார்த்தா... என் ரூம்மேட் டீம்ல!

'யாருப்பா அது கோபி ஒயிட், எந்த டீம் உன் டீம்?'னு கேக்கறவங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். ஃபேன்டஸி பாஸ்கெட்பால்னா, என்.பி.ஏ. வீரர்களை நாமளே பிரிச்சு எடுத்து ஆளுக்கொரு டீம் அமைக்கிறது. எங்க லீக்ல பத்துப் பேர், ஆளுக்கு 13 வீரர்கள். காசு கிடையாது. ஆனா சீசன் முடிவுல கடைசியா வர்றவன் மத்த ஒன்பது பேருக்கும் பரோட்டா வாங்கித் தரணும். இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் பர்ஸுக்கு அது பேரிடர்! பாயின்ட், ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், த்ரீ பாயின்ட்டர், ரெண்டு வகை ஷூட்டிங் சதவிகிதம், பந்தை எதிரணிக்குப் பறிகொடுக்கிற டர்ன்ஓவர்னு மொத்தம் ஒன்பது கணக்கு. வாரா வாரம் ஒருத்தனோட மோதல். அஞ்சு கணக்குல ஜெயிச்சா வாரம் நமக்கு.

பத்துப் பேரும் எடுத்தது போக மிச்சம் இருக்கிற வீரர்கள் எல்லாம் பொதுச்சொத்து. ஒருத்தரை விட்டா ஒருத்தரை எடுக்கலாம். சீசன் ஆரம்பிக்கிற அக்டோபர் கடைசியில நம்ம ஊருக்கு முதல் மேட்ச் விடிகாலை நாலரைக்கு. மொத்தப் பரபரப்பும் அந்த முதல் ரெண்டு வாரம்தான். அதுலயும் பாயின்ட் கார்டுக்குத்தான் அடிதடி. ஏன்னா, பந்தைக் கொண்டுபோய் மத்தவங்களை ஸ்கோர் பண்ண வைக்கிறவர் அவர்தான். பாயின்ட் யார் வேணா அடிப்பாங்க... அசிஸ்ட் எல்லார்கிட்டயும் கிடைக்காது.

நான் சறுக்கினது சரியா அங்கேதான். புரூக்ளின் நெட்ஸின் கேம் தாமஸ் அந்த சீசனோட முதல் மூணு மேட்ச்ல 36, 30, 33னு வெளுத்துட்டார். எனக்குக் கண்ணு மின்ன, அவருக்கு இடம் வேணும்னு தடுமாறிட்டு இருந்த கோபியை அனுப்பினேன். தாமஸுக்கு நவம்பர் 8-ல கணுக்கால் பிசகி, சில வாரம் உட்கார்ந்துட்டார். சீசன் முடிவுல அவர் சராசரி 22.5 பாயின்ட், 2.9 அசிஸ்ட். பாயின்ட் பிரமாதம்தான், ஆனா எனக்குப் பஞ்சம் அசிஸ்ட்லங்க! கோபி? 19.1 பாயின்ட், 5.1 அசிஸ்ட். அதிகம் முன்னேறிய வீரருக்கான ஓட்டெடுப்புல டைரீஸ் மேக்ஸிக்கு அடுத்த இடம்.

கோபிக்கு ஷாட் விழலைன்னு பார்த்தேனே தவிர, அவர் எந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்னு பார்க்கலை. புல்ஸின் லான்ஸோ பால் முழங்கால் பிரச்னையால அந்த சீசன் முழுக்க இல்லை. முந்தின சீசன்ல இருந்த பேட்ரிக் பெவர்லியும் கிளம்பிட்டார். பாயின்ட் கார்டு வேலைக்கு கோபிதான். ஷாட் இன்னிக்கு விழாது, நாளைக்கு விழும். நாற்காலி காலியா இருக்கிறதுதான் அபூர்வம்.

2019-ஐ எடுத்துக்கோங்க. அக்டோபர் 23, ஒரே ராத்திரி ரெண்டு பேர் வெடிச்சாங்க. மயாமி ஹீட்ல கென்ட்ரிக் நன், டிராஃப்ட்ல யாருமே எடுக்காத ஆள், முதல் மேட்ச்லயே 24 பாயின்ட். முதல் அஞ்சு மேட்ச்ல 112! சார்லட் ஹார்னெட்ஸ்ல பெஞ்ச்ல இருந்து வந்த டிவான்டே கிரஹாம் அடிச்சது 23, கூடவே 8 அசிஸ்ட். சத்தம் எல்லாம் நன்னுக்குத்தான். சீசன் முடிவுல நன் 15.3 பாயின்ட், 3.3 அசிஸ்ட். முந்தின வருஷம் வெறும் 4.7 பாயின்ட் சராசரி வெச்சிருந்த கிரஹாம் 18.2 பாயின்ட், 7.5 அசிஸ்ட்! கெம்பா வாக்கர் பாஸ்டனுக்குப் போன இடத்துக்கு டெரி ரோஸியரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா ரெண்டு பேரையும் சேர்த்தே ஆட வெச்சாங்க, பந்து கிரஹாம் கைக்கு வந்துச்சு. என்ன, அவர் ஷூட்டிங் 38 சதவிகிதம்தான். அந்தக் கணக்கை மட்டும் கண்ணை மூடிட்டு விட்டுக்கொடுக்கணும்.

இந்த 'விட்டுக்கொடுக்கிறது' சாதாரண விஷயம் இல்லை பாஸ். 2013 அக்டோபர் 30, ஃபிலடெல்ஃபியாவின் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் வாழ்க்கையின் முதல் மேட்ச், அதுவும் நடப்பு சாம்பியன் மயாமிக்கு எதிரா: 22 பாயின்ட், 12 அசிஸ்ட், 7 ரீபவுண்டு, 9 ஸ்டீல். விடிஞ்சதும் அவரை எடுக்காதவன் முட்டாள்! ஜ்ரூ ஹாலிடேயை அனுப்பிட்டு டீமே இவர் தலையில நின்னுது, அதனால நிமிஷங்களுக்குக் குறைவில்லை. சிறந்த புதுமுகமும் அவர்தான். ஆனா கூடவே 40.5 சதவிகித ஷூட்டிங், மேட்ச்சுக்கு 3.5 டர்ன்ஓவர். ஒரு கையால நாலு கணக்கைக் குடுத்து, மறு கையால மூணைப் பிடுங்கற ஆள்.

ஜெரமி லின் கதை இன்னும் உச்சம். லாக்அவுட்டால அந்த சீசன் தொடங்கினதே 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு. அந்த டிசம்பர்லயே ரெண்டு டீம் 'வேண்டாம்'னு அனுப்பின ஹார்வர்டு பட்டதாரி. நியூயார்க் நிக்ஸ் 8 ஜெயிச்சு 15 தோத்து, உருப்படியான பாயின்ட் கார்டு இல்லாம தவிச்சப்ப, 2012 பிப்ரவரி 4-ல இறக்கிவிட்டாங்க. 25 பாயின்ட், 7 அசிஸ்ட். அடுத்தடுத்து 28, 23, லேக்கர்ஸுக்கு எதிரா 38! நிக்ஸ் தொடர்ந்து ஏழு வெற்றி. எட்டாவதுல தோத்தப்ப லின் ஒன்பது டர்ன்ஓவர். மார்ச் கடைசியில முழங்கால் போச்சு. ஃபேன்டஸி ஃபைனல் நடக்கிற நேரத்துல ஆளே இல்லை. அவரை நம்பி நல்ல கார்டை வித்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

அதனால இப்பல்லாம் என் 13-வது இடத்தை யாருக்கும் சொந்தமாக்கறதில்லை. வாடகை வீடு மாதிரி. புதுசா எவனாவது வெடிச்சா முதல்ல அங்கே குடிவெக்கிறேன், அப்புறம்தான் நோண்டறேன். எத்தனை நிமிஷம் ஆடினார்? யார் அடிபட்டதால வந்தார், அந்த ஆள் எப்ப திரும்புவார்? முப்பது நிமிஷம் தாண்டினா தங்கலாம். மூத்தவர் அடுத்த வாரம் திரும்பறார்னா, பெட்டியைக் கட்டு. மத்த 12 பேரை நவம்பர் முடியிற வரைக்கும் தொடறதில்லைன்னு எனக்கு நானே சத்தியம்.

அந்த சீசன் கடைசி யாருன்னு சொல்லணுமா? ஒன்பது பேர், ஆளுக்கு நாலு பரோட்டா. ரூம்மேட் மட்டும் ஆறு சாப்பிட்டான். "மச்சி, ரெண்டு கோபி கணக்குல எழுதிக்கோ"ன்னான்.