ரஷ்ய மொழிப் பயிற்சிக்கான பயண இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரஷ்ய மொழிப் பயிற்சிப் பயணம் என்பது, வகுப்பிலோ இணையத்திலோ கற்ற ரஷ்ய மொழியை, அது அன்றாடம் புழங்கும் ஊரில் சில வாரங்களோ மாதங்களோ தங்கிப் பேசிப் பழகுவதற்கான பயணமாகும். இதற்கு ரஷ்யா ஒன்றே இடம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் முன்னாள் சோவியத் நாடுகள் சிலவற்றின் நகரங்களில் ரஷ்ய மொழி இன்றும் பொதுமொழியாக உள்ளது. நாட்டின் பெயரைவிட, அங்குள்ள கடைக்காரரும் டாக்சி ஓட்டுநரும் பக்கத்து வீட்டாரும் எந்த மொழியில் பதில் சொல்வார்கள் என்பதே தேர்வில் முதன்மையானது.

மொழி பரவிய பின்னணி

ரஷ்யப் பேரரசின் ஆட்சியும் பின்னர் சோவியத் ஆட்சியும் இம்மொழியை மத்திய ஆசியா, காக்கசஸ், பால்டிக் பகுதிகளுக்குக் கொண்டுசென்றன. 1937இல் தூரக்கிழக்கிலிருந்து கொரியர்களும், 1941இல் வோல்கா ஆற்றுப் பகுதியிலிருந்து ஜெர்மானியர்களும் கசகஸ்தானுக்குக் கட்டாயமாகப் பெயர்க்கப்பட்டனர். 1954இல் தொடங்கிய தரிசு நிலத் திட்டத்தால் ரஷ்யரும் உக்ரைனியரும் பெருமளவில் அங்குக் குடியேறினர. வெவ்வேறு தாய்மொழியினர் ஒரே ஊரில் வாழ்ந்ததால் ரஷ்ய மொழி அவர்களுக்குப் பாலமாயிற்று.

பெலருஸில் 1995ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்புக்குப் பின் ரஷ்ய மொழி பெலருசிய மொழிக்கு இணையான அரசு மொழியானது. கிர்கிஸ்தானில் அது ஆட்சி மொழித் தகுதி பெற்றுள்ளது. கசகஸ்தானின் 1995 அரசியலமைப்பு, அரசு அலுவல்களில் கசக் மொழியோடு ரஷ்ய மொழிக்கும் இடமளித்தது.

கவனிக்க வேண்டியவை

- தெருமொழி: சட்டத் தகுதி மட்டும் போதாது. ஒரே நாட்டில்கூட நகரத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு உண்டு.
- ஆங்கிலம்: சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில், தடுமாறிப் பேசுபவரிடம் எதிரில் உள்ளவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அங்குப் பயிற்சி நின்றுபோகும்.
- எழுத்து: கசகஸ்தான், கிர்கிஸ்தான் பெயர்ப்பலகைகளில் சிரில்லிக் எழுத்து பரவலாக உள்ளது. ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் தனி எழுத்துகள் உண்டு. எனவே அங்குப் படிக்கும் பயிற்சி குறைவு.
- தங்கும் காலம், செலவு, பாதுகாப்பு: விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

முக்கிய இடங்கள்

ரஷ்யா: அருங்காட்சியகம், நாடகம், நூலகம் என மொழி முழு அளவில் கிடைக்கும் நாடு. மாஸ்கோவுக்கும் சென் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே சில சொற்களே மாறும். நடைபாதை ஓரக்கல்லை மாஸ்கோவினர் ‘பர்த்யூர்’ என்பர். சென் பீட்டர்ஸ்பர்க்கில் அது ‘பரெப்ரிக்’. ஆங்கிலம் குறைவாகப் புழங்கும் கசான் போன்ற நகரங்கள் பேச்சுப் பயிற்சிக்கு ஏற்றவை. எனினும் 2022இல் தொடங்கிய உக்ரைன் போருக்குப் பின் நிலைமை மாறியுள்ளது. வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்குச் செயல்படுவதில்லை. ரஷ்யப் படையில் சேர்க்கும் வேலை வாக்குறுதிகளை நம்ப வேண்டாம் என இந்திய அரசும் எச்சரித்துள்ளது.

கசகஸ்தான்: 1997 வரை தலைநகராக இருந்த அல்மாத்தி, ரஷ்ய மொழி தாராளமாகக் கேட்கும் பெருநகரம். சந்தை, பேருந்து, திரையரங்கு எங்கும் அதைப் பேசிப் பழகலாம். அதே நேரம் கசக் மொழியின் பயன்பாடும் வளர்ந்து வருகிறது.

கிர்கிஸ்தான்: தலைநகர் பிஷ்கெக்கில் ரஷ்ய மொழி பரவலாக உள்ளது, செலவும் குறைவு. தெற்கே ஓஷ் பகுதியிலும் கிராமங்களிலும் கிர்கிஸ், உஸ்பெக் மொழிகளே மேலோங்கும். தமிழகத்திலிருந்தும் மாணவர்கள் இங்கு மருத்துவம் படிக்கச் செல்கின்றனர். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், நோயாளி தன் வலியை ஆங்கிலத்தில் சொல்வதில்லை. எனவே இவர்களுக்கு ரஷ்ய மொழி தொழிலுக்கே தேவையானது. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டதையும் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும்போது கருத வேண்டும்.

ஜார்ஜியா, ஆர்மீனியா: ஜார்ஜியாவில் மூத்தோர் பலர் ரஷ்ய மொழி அறிவர், இளையோர் ஆங்கிலத்தையே விரும்புகின்றனர். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் ரஷ்ய மொழி அறிந்தோர் கூடுதல்.

எஸ்தோனியா: ரஷ்ய எல்லையை ஒட்டிய நார்வா நகரில் மிகப் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுவோர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயிற்சி தேடுவோருக்கு இது ஏற்றது. ஆனால் சிறிய ஊர்.

உள்ளூர் மக்களின் உணர்வு

இந்நாடுகளில் ரஷ்ய மொழி சிலருக்குத் தாய்மொழி, சிலருக்குப் பிழைப்புக்கான மொழி, வேறு சிலருக்குப் பழைய ஆதிக்கத்தின் நினைவு. ஜார்ஜியா 2008இல் ரஷ்யாவுடன் போரிட்ட நாடு. ஆகவே எடுத்த எடுப்பில் ரஷ்ய மொழியில் பேசத் தொடங்காமல், ஜார்ஜியாவில் ‘கமர்ஜோபா’, கசகஸ்தானில் ‘சலெமெத்சிஸ் பே’ என உள்ளூர் மொழியில் வணக்கம் கூறி, பிறகு ரஷ்ய மொழியில் பேசலாமா எனக் கேட்பது நல்லது. இந்த மரியாதையைக் காட்டுபவருக்கு, பிழை திருத்திப் பேசிக்கொடுக்கும் நண்பர்கள் எளிதில் கிடைப்பர்.

முன்தயாரிப்பு

33 எழுத்துகளையும் எண்களையும் புறப்படும் முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். சென்னையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்புகள் நடைபெறுகின்றன. நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் ரஷ்ய மொழியில் வெவ்வேறு வினைச்சொற்கள் உள்ளன. இவற்றில் தேர்ச்சி பெற, தினமும் வழி கேட்டுப் பயணம் செய்வதே சிறந்த பாடம். விடுதியைவிட உள்ளூர்க் குடும்பத்துடன் தங்குவது கூடுதல் பயன் தரும்.

தொடக்க நிலையினருக்கு அல்மாத்தியும் பிஷ்கெக்கும் பொருத்தமானவை. இலக்கியம், நாடகம், ஆய்வு ஆகியவற்றை நாடும் உயர்நிலை மாணவர்களுக்கு ரஷ்யாவுக்கு நிகரான இடம் இல்லை. ஆனால் அங்குச் செல்வதற்கு முன் பாதுகாப்பு நிலையை நன்கு விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.