மூன்று செக்கன் கருணை

வாங்கோ, செருப்பை இங்கேயே கழற்றிவிடுங்கள். முன்வாசல் பக்கம் போகவேண்டாம். அங்கே பெற்றோரும் பழைய மாணவரும் கதிரைக்கு அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் பின்கதவால் போகிறோம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் உள்ளக அரங்கு இது. என் கழுத்தில் ‘ஊடகம்’ என்று மார்க்கரால் எழுதிய ஒரு காட்போட் துண்டு தொங்குகிறது. எழுதும்போது இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இருக்கட்டும்! பின்கதவுக் காவலாளி அதைப் பார்த்து எனக்கு வழிவிட்டாரே, அது போதும்.

இந்தப் பாக்கியம் வந்தது எங்கள் ஃப்ளெட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பியால். வார நாட்களில் கணக்கு எழுதும் வேலை, சனிக்கிழமைகளில் விளையாட்டுப் படம். கமரா கனொன் 1300டி. அக்கா மகளின் சாமத்தியவீட்டுக்கென்று இரண்டாம் கையாக வாங்கியது. “கேக் வெட்டுறதுக்கு அருமையான கமரா அண்ணா. கேக் ஓடாதுதானே!”

காலையில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் வந்தோம். வழி முழுக்கப் பையை மடியில் கைக்குழந்தைபோல் வைத்திருந்தான். உள்ளே என்ன என்று எட்டிப்பார்த்தேன். கமரா, இரண்டு லென்ஸ், ஒரு துவாய், அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சல், ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. டப்பா நிறையச் சப்பாத்துப் பெட்டிகளில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பைகள். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். உப்புக்காற்றும் ஈரமும் வாடகை கொடுக்காமல் வீட்டுக்குள் குடியிருக்கின்றன. லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால் காசு போச்சு. “சொந்தத்துக்குள்ள ஆர் புதுச் சப்பாத்து வாங்கினாலும் முதல் ஆளாப் போய் நிற்பன் அண்ணா” என்றான்.

அரங்குக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடித்தது வெக்கை. மின்விசிறி ஒன்றுகூடச் சுழலவில்லை, யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. காரணம் காலைப் போட்டி: பட்மின்டன். அந்த இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். கொஞ்சம் காற்று பட்டாலும் தன் பாட்டுக்குத் திசை மாறிவிடும். ஐந்து கிராமுக்காக இருநூறு பேர் அவிந்துகொண்டிருக்கிறோம்! நடுவர் கழுத்தில் ஈரத்துவாய். விளையாட்டு ஆசிரியர் புள்ளித்தாளை விசிறியாக்கிவிட்டார். எதிர்ப்பக்கப் பயிற்றுநர் எட்டி எட்டிப் புள்ளியைப் பார்க்க, தாளோ ஒரு நொடி நிற்பதாக இல்லை.

மேடைத் திரைக்குப் பின்னால் வாருங்கள், உண்மையான புதையல் அங்கேதான். கால் உடைந்த வாங்குகள், வெறும் தண்ணீர்ப் போத்தல்கள், எப்போதோ நடந்த விழாவிலிருந்து மிஞ்சிய, மூக்கு உடைந்த ரிஜிபோம் அன்னம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தாலேபத் தைல வாசம். அன்னத்தின் முதுகில் ஒரு பையன் கணுக்கால் பட்டியைக் காயப்போட்டிருக்கிறான்.

தம்பி வேலையைத் தொடங்கிவிட்டான். அடிக்கோட்டுக்குப் பின்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாயிற்று. தாழ இருந்து எடுத்தால் பிள்ளைகள் உயரமாகத் தெரிவார்களாம். முதல் பத்துப் படங்களைக் கமராத் திரையில் காட்டினான். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றில் கை மட்டும், ஒன்றில் வலை மட்டும், ஒன்றில் பையன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகை. நமது கண்ணுக்கு இந்த மண்டபம் நல்ல வெளிச்சம். கமராவுக்கோ இது பொழுதுபட்ட நேரம். ஃப்ளாஷ் போடவும் கூடாது, ஆடுபவரின் கண் கூசும். “2023இல இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீற்றர். என்ர கமரா தொடர்ந்து அமத்தினா செக்கனுக்கு மூண்டு படம். நீங்களே சொல்லுங்கோ அண்ணா, இது நியாயமான போட்டியோ?”

நிறக்கூத்து இன்னொன்று. கூரையிலே பழைய குழல்விளக்குப் பாதி, புது எல்.ஈ.டி. பாதி. இந்நாட்டு மின்சாரத்தில் இப்படியான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னி மங்கக்கூடும். நமக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரிந்துவிடும். ஒரே பையன் அடுத்தடுத்த மூன்று படங்களில் மஞ்சள், வெள்ளை, நீலம். “இதை இவன்ர அம்மாவுக்கு அனுப்பினா காமாலை எண்டு கீழ்க்காய்நெல்லி அரைச்சிடுவா.”

பிறகுதான் பையிலிருந்து இரண்டாவது லென்ஸ் வந்தது. 50 மில்லிமீற்றர், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சாமான். கமராவோடு வந்த லென்ஸை முழுக்க நீட்டினால் கிடைக்கும் வெளிச்சத்தைவிட இது ஒன்பது மடங்குக்கு மேல் உள்ளே விடுமாம். ஆனால் கிட்டவும் இழுக்காது, எட்டவும் தள்ளாது. கிட்ட வேண்டுமென்றால் நாம்தான் நகரவேண்டும். முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து அவனுடைய காற்சட்டை தரையைத் துடைத்துவிட்டது. ஸ்மாஷை அவன் கைகழுவிவிட்டான். சேர்விஸ் போடுமுன் இரண்டு பக்கமும் மூச்சைப் பிடிக்கிற அந்தக் கணத்துக்குக் காத்திருந்தான். கிளிக். பையனின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது.

பட்மின்டன் முடிந்தது. யாரோ சுவிட்சைப் போட, மின்விசிறிகள் கிறீச்சிட்டுச் சுழல, கோப்பை வென்றவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் எழுந்தது. புள்ளித்தாள்கள் பறந்தன. ஆசிரியர் இம்முறை அவற்றுக்குப் பின்னால் ஓடினார்.

அடுத்தது பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டம். பொறுப்பாசிரியையிடம் தம்பி போய், “மிஸ், படம் எடுக்கலாமோ?” என்று அனுமதி கேட்டான். “எடுங்கோ, ஆனா முதல்ல எனக்குத்தான் அனுப்பவேணும்” என்றார் அவர். ஓரத்தில் நகவெட்டி ஒன்று கைக்குக் கை மாறுகிறது. நீள நகத்தோடு நடுவர் ஆட விடமாட்டார். கழற்ற முடியாத தோட்டுக்கு மேல் பிளாஸ்டர். தோடம்பழத் துண்டுகளை ஒரு சின்னத் தங்கச்சி காவல் காக்கிறாள், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று தன் வாய்க்குள் போட்டுக்கொண்டு.

விசில். தம்பி வளையத்துக்குப் பின்னால் ஊர்ந்துபோனான். என் காதில் மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, இது எங்களுக்கெண்டே செய்த விளையாட்டு.” உண்மைதான். பந்தைப் பிடித்தவள் அதோடு ஓட முடியாது. தடுப்பவள் மூன்று அடி தள்ளித்தான் நிற்கலாம். 3.05 மீற்றர் உயரத்தில் வெறும் வளையம், பின்னால் பலகையும் இல்லை. எய்பவளுக்குக் கிடைப்பது மூன்று செக்கன். அந்த மூன்று செக்கனும் அவள் குறிபார்த்து நிற்பாள். ஏழைக் கமராவுக்கு இதைவிடப் பெரிய கருணை ஏது?

அந்த மூன்று செக்கனுக்குள் நின்றுதான் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு, யாரையும்விட முன்னுக்கு நின்றார். அதற்கு முந்திய வருடம் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த அணியிலும் அவர் இருந்தார். இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அணியில் உயரமானவளைச் சக வீராங்கனைகள் கூப்பிடுவதே “தர்ஜினி அக்கா” என்றுதான். சுகததாச உள்ளக அரங்கும் இங்கிருந்து கிட்டத்தான். ஒருநாள் அங்கே தரையில் உட்கார்ந்து எடுக்கவேண்டும் என்பது தம்பியின் நேர்த்தி.

அதோ, ‘தர்ஜினி அக்கா’ பந்தைப் பிடித்துவிட்டாள். மண்டபம் அடங்கியது. ஒன்று. கண் வளையத்தில். இரண்டு. முழங்கால் மடிகிறது. கிளிக்.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஓடிவந்து கமராத் திரைக்குள் தலையை விட்டாள். விரல் நுனிகளில் பந்து, நெற்றியில் ஒட்டிய முடி, பின்னால் வாயைப் பிளந்த ஆசிரியை. எல்லாம் துல்லியமாக, எல்லாம் ஒரே நிறத்தில்.

“அண்ணா, இது போகேல்லை.”

“எப்பிடித் தெரியும்? பந்து இன்னும் கையிலதானே இருக்கு!”

“முழங்கையைப் பாருங்கோ, வெளியால போயிருக்கு. வளையத்தில பட்டுத் திரும்பினது.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா வடிவா இருக்கு. அனுப்பிவிடுங்கோ.”

“முதல்ல எனக்கு!” என்று மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது.