குறைவாகப் பேசும் அடிதடிப் படங்கள்: வசனம் விலகிய இடத்தில் என்ன வருகிறது?

தங்காக் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஒரே தொலைக்காட்சியின் முன் மூன்று தலைமுறை உட்கார்ந்து தமிழ்ப்படம் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பாட்டிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். காது மட்டும் கொஞ்சம் மந்தம். பேரனுக்குக் காது கூர்மை. ஆனால் தேசியப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படிப்பவன் என்பதால், சென்னைத் தமிழ் வேகமாக ஓடும்போது அவன் கண் திரைக்கு அடியில் வரும் மலாய் எழுத்துக்குப் போய்விடுகிறது. நாயகன் மூச்சுவிடாமல் வசனம் பேசினால் இருவருக்குமே பாதி போய்விடும். ஆனால் ஒரு லோரி இருட்டில் ஓடுகிறது, பின்னால் கத்தியோடு ஒரு கும்பல் துரத்துகிறது என்றால், அந்த வீட்டில் யாரும் யாரிடமும் "என்ன சொன்னான்?" என்று கேட்பதில்லை.

கார்த்தி நடித்த 'கைதி' படம் பெரும்பகுதி அப்படித்தான் நகர்கிறது. லோகேஷ் கனகராஜ் இயக்கிய இந்தப் படம் 2019 தீபாவளிக்கு, விஜய்யின் 'பிகில்' வந்த அதே நாளில் வெளிவந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, கதை முழுவதும் ஒரே இரவு. எதிரே அவ்வளவு பெரிய படம் நின்றும் 'கைதி' வெற்றி பெற்றது. வசனத்தையும் பாட்டையும் குறைத்தால் தமிழ் ரசிகர் எழுந்து போய்விடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதில்.

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. தமிழ்ப்படம் மேடை நாடகத்தின் பிள்ளை. 1952இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை, மு. கருணாநிதி எழுதிய அந்த வசனத்தை, மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்கள் இங்குள்ள தோட்ட மேடைகளிலும் உண்டு. வசனம் கேட்பதற்காகவே படத்துக்குப் போன தலைமுறை அது. அதை இளக்காரமாகப் பேச ஒன்றுமில்லை. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கும் நல்ல தமிழைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வசனங்கள்தான். எதிர்த்திசையில் போன முயற்சிகளும் இருந்தன. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இலேயே பாட்டு ஒன்றுகூட இல்லாமல் வந்தது. கமல்ஹாசன் நடித்து 1987இல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாத படம். ஆனால் முன்னது துப்பறியும் கதை, பின்னது நகைச்சுவை. அடிதடிப் படம் மட்டும் நாயகனின் வாயைத்தான் நம்பி இருந்தது. சண்டைக்கு முன் ஒரு வசனம், சண்டைக்குப் பின் ஒரு வசனம்.

வசனத்தைக் குறைக்கும் படம் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். முதலில் வேண்டியது ஒரே வரியில் அடங்கும் வேலை. 'கைதி'யில் சிறையிலிருந்து விடுதலையான டில்லி, பிறந்தது முதல் பார்த்திராத தன் மகளைப் பார்க்கப் போகிறான். வழியில், விஷம் கலந்த மதுவைக் குடித்து மயங்கிக் கிடக்கும் காவல் அதிகாரிகளை லோரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. இதைப் புரியவைத்த பிறகு படம் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. லோரி நின்றால் ஆபத்து, ஓடினால் நிம்மதி. இது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும்.

அடுத்தது பொருள். டில்லி தன் மகளுக்காக வைத்திருக்கும் கம்மல் படத்தில் பேசும் அளவுக்குப் பல பாத்திரங்கள் பேசுவதில்லை. அவன் பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடும் காட்சியும் அப்படித்தான். சிறையில் பட்ட பாட்டை யாராவது சொல்லிக் காட்டியிருந்தால் அது ஒரு தகவலாக நின்றிருக்கும். அவன் சாப்பிடும் விதத்தைப் பார்ப்பவருக்கு வயிற்றிலேயே புரிந்துவிடுகிறது.

இதற்கு ஆறு வருடத்துக்கு முன்பே, 2013இல், மிஷ்கின் எழுதி இயக்கித் தயாரித்து நடித்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' இன்னும் துணிந்து போனது. இரவில், சாலையோரம் குண்டடிபட்டு ஒருவன் கிடக்கிறான். அந்த வழியே வரும் மருத்துவ மாணவன் அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தானே அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றுகிறான். விடிந்தால் ஆள் இல்லை. தேடப்படும் கொலைகாரனைக் காப்பாற்றிவிட்டான் என்று காவல்துறை மாணவனைப் பிடிக்கிறது. அந்த ஓநாய் யார், ஏன் ஓடுகிறான், அவனோடு ஏன் ஒரு பார்வையற்ற குடும்பம் வருகிறது என்பதைப் படம் வெகுநேரம் சொல்வதில்லை. பார்ப்பவரும் அந்த மாணவனைப் போலவே தெரியாமல் கூடவே ஓடுகிறார். இந்தப் படத்திலும் பாட்டு கிடையாது. வாய் மூடியிருக்கும் நேரத்தில் கதையை நகர்த்துவது இளையராஜாவின் பின்னணி இசை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். குறைவாகப் பேசும் இந்த இரு நாயகர்களும் ஒரே ஒருமுறை நீளமாகப் பேசுகிறார்கள். ஓநாய், கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழந்தைக்கு மிருகக் கதை சொல்வதுபோல் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். டில்லி ஓடும் லோரியில் தன் பழைய கதையைச் சொல்கிறான். வேறு படமாக இருந்தால் உடனே பழைய நாட்களுக்குத் தாவி, பாட்டோடு ஒரு கால்மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். இங்கே கேமரா அந்த முகத்தை விட்டு நகர்ந்து பழைய காலத்துக்குப் போவதில்லை. நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். அதுவரை வாய் திறக்காதவன் திறக்கும்போது வீட்டில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர்களும் அமைதியாகிவிடுகிறார்கள். வசனத்தைச் சிக்கனமாக வைத்திருந்ததன் பலன் அந்த ஒரு காட்சியில் மொத்தமாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலிருந்தே பேசித் தள்ளியிருந்தால் அந்தக் காட்சி பத்தோடு பதினொன்று.

ஆனால் 'கைதி'யை முழுக்க மௌனப் படம் என்று சொல்லிவிட முடியாது. வில்லன் கும்பல் கைப்பேசியில் தேவைக்கு மேல் கத்துகிறது.

இந்த வழி தமிழுக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1967இல் எடுத்த 'லெ சாமுராய்' படத்தில் முதல் பத்து நிமிடத்துக்குப் பேச்சே கிட்டத்தட்ட இல்லை. கூலிக் கொலைகாரனாக வரும் அலென் டெலோன் படுத்திருக்கிறார், எழுகிறார், தொப்பியைச் சரிசெய்கிறார், போகிறார். 1964இல் வந்த செர்ஜியோ லியோனியின் குதிரைவீரன் படத்தில் தன் வசனத்தை வெட்டச் சொன்னவர் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வூட்டேதான். 2015இல் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' எடுத்த ஜார்ஜ் மில்லரின் ஆசை இன்னும் தெளிவானது: ஜப்பானில் பார்ப்பவர்களும் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்காமலே புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக அவர் படத்தை எழுதுவதற்கு முன் வரைந்தார், சுமார் 3,500 சித்திரக் கட்டங்களாக. மலாய் எழுத்தைப் படித்துத் தமிழ்ப்படம் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த ஆசையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

நாயகன் பேசாமல் இருந்தால் மட்டும் போதும் என்று எடுக்கும் படங்களும் வருகின்றன. அவர் மௌனமாக நடந்து வருவார். சுற்றி நிற்கும் பத்துப் பேர் அவர் யார் தெரியுமா என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இது வசனத்தைக் குறைப்பதல்ல, கைமாற்றிவிடுவது.

மலேசியத் தமிழ்ப்படங்களுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு மட்டுமல்ல. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். தமிழ் தெரிந்தவர்களை மட்டும் நம்பி டிக்கெட் விற்றால் போட்ட முதல் திரும்புவது கடினம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றின் சிறுவனைச் சுற்றி ஓடும் 'ஜாகாட்', சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்தது. அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அது குறைவாகப் பேசும் படமல்ல. ஆனால் குண்டர் கும்பலில் சிக்கிய பெரியவர்களை அந்தச் சிறுவன் பார்க்கும் பார்வையே கதை சொல்லும் இடங்கள் அதில் உண்டு. அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் வசனத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். காரணம் எளிது: பேச்சுதான் மலிவு. இரண்டு பேரைச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்தால் ஐந்து நிமிடப் படம் ஒரே மாலையில் முடிந்துவிடும். பேச்சில்லாத ஒரு நிமிடத் துரத்தலுக்கு முப்பது துண்டுக் காட்சிகள்கூட வேண்டியிருக்கலாம், ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் போட்டிருக்க வேண்டும். குறைவாகப் பேசும் படம் கூடுதல் வேலை வாங்கும் படம்.

தங்காக் பக்கம் எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் ஒரு வரிசை இன்னொரு வரிசையைப் போலவே இருக்கும். ஓடுபவன் எங்கே, துரத்துபவன் எங்கே என்று இரண்டே வெட்டில் குழம்பிவிடும். அதனால் துரத்தல் தொடங்குவதற்கு முன்பே, சண்டையே இல்லாத ஒரு சாதாரணக் காட்சியில், இடத்தை அறிமுகப்படுத்திவிட வேண்டும்: இந்தப் பக்கம் குனோங் லேடாங், அந்தப் பக்கம் செம்மண் சாலை, நடுவில் வாய்க்காலும் அதன்மேல் ஒற்றைப் பலகையும். பிறகு இருட்டில் அவன் ஓடிவரும்போது அந்தப் பலகையில் கால் விழும் சத்தம் போதும், அவன் எங்கே வந்துவிட்டான் என்று சொல்வதற்கு. அந்தச் சத்தத்தைத் தனியாக, கைப்பேசியைப் பலகைக்கு அருகில் வைத்து, பூச்சிகளின் இரைச்சல் அடங்கியிருக்கும் பகல் நேரத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.