ஊசி போட்ட குழந்தை முடங்கினால் நஷ்ட ஈடு உண்டா?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு தாய். அவள் இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை.

காலையில் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போகிறாள். தட்டம்மை ஊசி போடுகிறார்கள். மாலையில் காய்ச்சல். இரவில் வலிப்பு. பொழுது விடிவதற்குள் குழந்தை விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

இது கற்பனைதான். இப்படி நடப்பது மிக மிக அபூர்வம். லட்சம் லட்சமாகக் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு நாள் காய்ச்சலோடு போய்விடுகிறது. தட்டம்மையும் இளம்பிள்ளை வாதமும் வாரிக்கொண்டு போன குழந்தைகளைப் பற்றி நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். ஆகவே, ஊசி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால், அந்த ஒரு குழந்தை நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால்? யாரிடம் போய் நஷ்ட ஈடு கேட்பது?

இலவசம் என்றால் கதவு அடைப்பு!

விழுப்புரத்தில் நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. செலவு குறைவு. வக்கீல் இல்லாமலே வாதாடலாம். அங்கே போகலாமா?

போக முடியாது! 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. அது சாந்தா வழக்கு. ஏழை, பணக்காரர் எல்லோருக்குமே இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. காசு கொடுத்து, தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர் போகலாம். அவரும் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அரசாங்க நர்சிடம் கையை நீட்டிய ஏழைத் தாய் போக முடியாது. இது என்ன நியாயமோ!

அடுத்தது சிவில் கோர்ட்டு. அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுவதற்கு 2 மாதம் முன்பே நோட்டீசு கொடுக்க வேண்டும். பிறகு, தவறு நடந்தது என்பதை வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சென்னை ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாமே என்பீர்கள். தவறு வெட்டவெளிச்சமாக இருந்தால் அங்கே நஷ்ட ஈடு கிடைப்பதுண்டு. சாட்சிகளை விசாரித்துத்தான் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

எப்படி நிரூபிப்பது?

தட்டம்மை மருந்து தூளாக வரும். அதை அதற்கென்று உள்ள தண்ணீரில் கலந்து போட வேண்டும். கலந்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். வைத்திருந்தால் கிருமி வளரும். அந்தக் கிருமி உயிரையே வாங்கும். தண்ணீருக்குப் பதில் வேறு மருந்தைத் தவறாகக் கலந்து, குழந்தைகள் இறந்த சம்பவங்களும் உலகில் உண்டு.

இதெல்லாம் அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? பாட்டில் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது? அந்தப் பாட்டில் எங்கே? எழுதி வைத்த நோட்டு யாரிடம்? எல்லாமே எதிர்த் தரப்பின் கையில்!

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. தமிழ்நாடே திடுக்கிட்டது. அதற்குப் பிறகுதான், கிராமத்திலேயே ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற சுகாதார நிலையத்தில் மட்டுமே போட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

1955-ம் ஆண்டு. அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஊசி வந்துவிட்டது. கிருமியைக் கொன்று தயாரித்த மருந்து. மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள்.

கலிபோர்னியாவில் கட்டர் என்று ஒரு கம்பெனி. அவர்கள் தயாரித்த மருந்தில் கிருமி சாகவில்லை. உயிரோடு இருந்தது! சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி. ஏறக்குறைய 200 பேருக்குக் கை, கால் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எந்த நோய் வரக்கூடாது என்று ஊசி போட்டார்களோ, அதே நோய்!

கால் முடங்கிய 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1958-ல் ஜூரர்கள் விசித்திரமான தீர்ப்புச் சொன்னார்கள். "கம்பெனி கவனக்குறைவாக இருக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்த முறைப்படிதான் தயாரித்தது. ஆனாலும், நல்ல மருந்து என்று சொல்லி விற்றது. ஆகவே பணம் கொடுக்க வேண்டும்" என்பது அதன் சாரம். அவளுக்கும், உடன் வழக்குப் போட்ட இன்னொரு குழந்தைக்கும் சேர்த்து 1 லட்சத்து 47 ஆயிரத்து 300 டாலர்.

தவறு இல்லை, ஆனாலும் நஷ்ட ஈடு உண்டு! பின்னால் வந்த சட்டங்களுக்கு வித்து இதுதான்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் வழக்குகள் பெருகின. கம்பெனிகள் பயந்து, ஊசி மருந்துத் தொழிலையே விடத் தொடங்கின. அப்புறம் 1986-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஊசி மருந்தில், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்டு வரி. அந்தப் பணம் ஒரு நிதியில் சேரும். ஊசியால் பாதிக்கப்பட்டவர் அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1979-லேயே சட்டம் வந்துவிட்டது.

யாருமே தவறு செய்யாவிட்டால்?

போலியோ சொட்டு மருந்தையே பாருங்கள். அதனால்தான் இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. ஆனால் அது வலுக் குறைத்த உயிருள்ள கிருமி. சுமார் 27 லட்சம் தவணைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு குழந்தைக்கு அதுவே வாதத்தைக் கொண்டு வந்துவிடும். மருந்து நல்ல மருந்து. நர்சு சரியாகத்தான் கொடுத்தார். யார் மீதும் குற்றம் இல்லை. குழந்தையின் கால் மட்டும் போய்விட்டது.

ஊர்க் குழந்தைகள் எல்லாம் ஓடி விளையாட, ஒரு குழந்தை விலை கொடுத்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஊர் என்ன கொடுக்கிறது?

விழுப்புரம் நெடுஞ்சாலையில் லாரி மோதினால், டிரைவர் மீது தவறு என்று நிரூபிக்காமலே பணம் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின்படி, உயிர் போனால் 5 லட்சம் ரூபாய். கொடுங்காயத்துக்கு 2½ லட்சம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் உயிர் போனால் பணம் கொடுக்க 2005-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. புது மருந்தைச் சோதனைக்குப் போட்டுக்கொள்கிறவருக்கும் 2019-ம் ஆண்டு விதிகளில் நஷ்ட ஈடு உண்டு. குழந்தைகளின் தடுப்பூசிக்கு மட்டும் நம் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் செய்ததில்லை.

கொரோனா காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. 2021-ல் ஊசி போட்ட பிறகு 2 இளம்பெண்கள் இறந்தார்கள். பெற்றோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். "ஊசி கட்டாயம் அல்ல. விரும்பித்தான் போட்டுக்கொண்டார்கள். அரசு பொறுப்பல்ல. வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும்" என்று 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் சொன்னது. ஊசி போடாதவரைக் கடைக்குள்ளும் விடாத காலம் அது. விருப்பமாம்!

என்ன செய்ய வேண்டும்?

ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அட்டையில் மருந்தின் பெயரும் தேதியும் எழுதி வாங்குங்கள். மருந்தின் தொகுதி எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடம்பு கெட்டால் போட்ட இடத்திலேயே உடனே சொல்லுங்கள். அவர்கள் மேலே எழுதியாக வேண்டும். மாவட்டக் குழு விசாரிக்கும். உயிரே போய்விட்டால், கொடுமைதான், ஆனாலும் பிரேத பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துக் கொடுக்க 1987-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விழுப்புரம் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. திண்டிவனத்தில் வட்டக் குழு. டெலிபோன் எண் 15100.