நடுப்பெயரில் யாரை எழுதுவது? காவிரிப் படுகையின் பெண் குழந்தைகளும் பெயரின் அரசியலும்

பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பது குடும்பத்துக்குள் முடிந்துபோகும் செய்தி என்று பலரும் கருதுகின்றனர். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் தலித் குடும்பங்களில் அது அவ்வாறு முடிவதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளான இளம் பெற்றோர், குழந்தையின் பெயரோடு இரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்க்க விரும்புகின்றனர். அப்பாயி அல்லது அம்மாயியின் பெயரைச் சேர்ப்பதா, இதுவரை ஊரில் எவரும் வைக்காத புதுப் பெயரைச் சேர்ப்பதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. 'காத்தாயி என்று எழுதினால் பள்ளியில் கேலி செய்வார்கள்' என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. 'அப்படியானால் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களைக் கேலிக்குரியவர்கள் என்று நாமே ஒப்புக்கொள்கிறோமா?' என்று மறு தரப்பு கேட்கிறது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் மரபா, புதுமையா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. அந்த இடத்தில் எவருடைய வரிசையை எழுதுகிறோம் என்பதே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நடுப்பெயர் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் நடுப்பெயர் என்றொரு வழக்கம் இருந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பின்னர் பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டம் படிப்படியாக மறைந்தது. பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து மட்டும் எஞ்சியது. இந்தியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் இது பெரும் சாதனை. எனினும் அந்த ஒற்றை எழுத்து ஏறத்தாழ எல்லா இடங்களிலும் தந்தையின் எழுத்தாகவே இருந்தது. சாதி வெளியேறிய இடத்தில் ஆண்வழி அப்படியே தங்கிவிட்டது.

இன்று விண்ணப்பப் படிவங்கள் இக்கேள்வியை மீண்டும் எழுப்புகின்றன. கடவுச்சீட்டு விண்ணப்பம் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் படிவங்கள் பலவும் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களை முன்வைக்கின்றன. ஒற்றைத் தலைப்பெழுத்தோடு வளர்ந்த நம் மாணவர்கள் அங்கே திகைத்து நிற்கின்றனர்.

மேற்கு இந்தியாவில் நடுப்பெயர் என்பது பெரும்பாலும் தந்தையின் பெயரே. பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பதில் ராம்ஜி அவருடைய தந்தை. 2018-இல் உத்தரப் பிரதேச அரசு தன் ஆவணங்களில் அம்பேத்கரின் பெயரை அந்த நடுப்பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று ஆணையிட்டபோது, அதன் அரசியல் உள்நோக்கம் குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. அவர் கையொப்பமிட்ட பெயர்தான் அது. ஆயினும் எந்தப் பகுதியை எவர் அழுத்திச் சொல்கிறார் என்பதில் அரசியல் இருந்தது. அதே மேற்கு இந்தியாவில் மகாராட்டிர அரசு 2024-இல் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரை அரசு ஆவணங்களில் எழுதும்போது, குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயரும், அதன் பின்னரே தந்தையின் பெயரும் குடும்பப் பெயரும் வர வேண்டும். நடுப்பெயர் என்ற இடம் மாற்ற முடியாத ஒன்றன்று என்பதற்கு இதுவே சான்று.

மரபு என்பது எவருடைய மரபு?

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடுதலுக்கும் விதி வகுத்திருக்கிறது. பிராமணரின் பெயர் மங்கலத்தையும், சத்திரியரின் பெயர் வலிமையையும், வைசியரின் பெயர் செல்வத்தையும், சூத்திரரின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது. அடுத்து வரும் விதி பெண்களுக்கானது. பெண்ணின் பெயர் உச்சரிக்க எளிதாக, கடுமையற்றதாக, மனத்துக்கு இனியதாக, மங்கலமாக, நெட்டுயிரில் முடிவதாக இருக்க வேண்டுமாம். இன்று இணையத்தில் உலவும் பெண் குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் பலவற்றின் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே. 'நவீனப் பெயர்' என்று நாம் தேர்ந்தெடுப்பது மிகப் பழைய விதிக்கு அடங்கியதாக இருக்கக்கூடும்.

ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் பண்ணைகளில் இந்த விதியை எவரும் படித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. அது நடைமுறையாகவே இருந்தது. எழுபது வயது முதியவரை ஆதிக்க சாதிச் சிறுவன் பெயர் சொல்லி அழைப்பான். முதியவர் அச்சிறுவனை 'சின்ன ஐயா' என்பார். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் போராடிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் விளைவாக, 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிக்கும் வேலைக்கும் சட்டம் ஓரளவு காப்பளித்தது. விளிக்கும் முறைக்கு அது எதையும் செய்யவில்லை. சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுப்பார்வையில் இழிவுபடுத்துவது இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சொந்தப் பெயரையே இழிவின் தொனியில் அழைத்தால் அதை நிறுவுவது இன்றும் கடினம்.

ஆகவே 'மரபுப் பெயர்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட மரபுகள் இருக்கின்றன. ஒன்று, பிறர் நம்மீது சுமத்தியது. மற்றொன்று, காத்தாயி, பச்சையம்மாள், வீரம்மாள் என்று நம் தெய்வங்களிடமிருந்தும் முன்னோரிடமிருந்தும் நாமே எடுத்துக்கொண்டது. முதலாவதைக் கைவிடுவது விடுதலை. இரண்டாவதை அதனோடு சேர்த்துக் கைவிடுவது இழப்பு.

பெண் குழந்தைகளைப் பொறுத்தவரை நம் வீடுகளுக்குள்ளும் சுமத்தப்பட்ட பெயர்கள் உண்டு. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெயரிடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. மகாராட்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் நடந்த நிகழ்வொன்றில், 'வேண்டாதவள்' எனப் பொருள்படும் 'நகுசா' என்ற பெயரைச் சுமந்திருந்த 285 சிறுமிகள் புதிய பெயர் ஏற்றனர். பாட்டியின் பெயர் அத்தகையதாக இருந்தால், அதைப் பேத்தியின் மீது ஏற்றி மரியாதை செலுத்த வேண்டியதில்லை.

வெண்மணியின் பெயர்ப் பட்டியல்

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் பெயர்கள் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்பட்டியலை நாம் அஞ்சலிக்காகவே வாசிக்கிறோம். பெயர்களின் வரலாறாகவும் அதை வாசிக்கலாம்.

பெரியவர்களிடையே கருப்பாயி, குஞ்சம்மாள், குப்பம்மாள், அஞ்சலை, காவேரி ஆகிய பெயர்கள் இருக்கின்றன. குழந்தைகளிடையே வாசுகி, குணசேகரன், ஆசைத்தம்பி, கருணாநிதி, செல்வி. ஒரே சேரியில் ஒரே தலைமுறை இடைவெளிக்குள் பெயர்கள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கின்றன! அன்றைய மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஒலித்த பெயர்களைக் கூலித் தொழிலாளர்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்ட அதே மக்கள், அதற்கு முன்பே தம் குழந்தைகளுக்கு வேறொரு பெயரைத் தேர்ந்திருந்தார்கள். கூலி உயர்வைப் போலவே பெயரும் அவர்களுடைய உரிமைக் கோரிக்கையாக இருந்தது.

இப்பட்டியல் நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. கருப்பாயியும் வாசுகியும் ஒரே குடிசையில் மாண்டார்கள். நாம் வாசுகியின் பெயரை மட்டும் தொடர்ந்து கருப்பாயியின் பெயரை நழுவவிட்டால், அந்த வரலாற்றில் பாதியைத்தான் பேத்தியிடம் கொடுக்கிறோம்.

புதுமையும் நம் மரபே

தலித் அரசியலில் புதுப் பெயர் ஏற்பது புதிதன்று. காத்தவராயன் என்ற இயற்பெயருடையவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்றே அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். குருதி வழிக்கு அப்பால், அறிவு வழியில் ஒரு பெயரைப் பெறலாம் என்பதற்கு அவர் முன்னோடி. 2000-களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கத்தை நடத்தியபோது, தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் தந்தைக்குப் பெயரிட்டு, அதிலிருந்து தம் தலைப்பெழுத்தைப் பெற்ற நிகழ்வு அது.

விசித்திரமான பெயர் என்று எதுவும் நிரந்தரமாக இருப்பதில்லை. 1953 மார்ச்சில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயரிடப்பட்டது; இன்று தமிழகத்தில் அப்பெயரைக் கேட்டு எவரும் வியப்பதில்லை. பொதுவுடைமை இயக்கம் வேரூன்றிய காவிரிப் படுகையில் லெனின் என்ற பெயரும் அவ்வாறே இயல்பாயிற்று. சாவித்திரிபாய், ரமாபாய், வெண்மணி என்ற பெயர்கள் நம் பெண் குழந்தைகளின் நடுவே இயல்பாவதற்கும் காலம்தான் தேவை.

பெயர் மாறினால் சாதி மறையுமா?

'எங்கள் பெண்ணின் பெயரைப் பார்த்து எவரும் சாதியைக் கண்டுபிடிக்கக் கூடாது' என்பதே புதுப் பெயரை நாடும் பெற்றோர் பலரின் உண்மையான காரணம். இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியோடு, வேறுபட்ட குடும்பப் பெயர்களில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயர் கொண்டதற்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது.

தமிழ்நாட்டில் பெயரில் சாதி இல்லாததால், அதே வேலையைக் கேள்விகள் செய்கின்றன. 'எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?' என்று கேட்பவரை எந்த நடுப்பெயராலும் தடுக்க முடியாது. இந்துக்களிடமிருந்து விலகுதல் குறித்து எழுதிய கட்டுரையில் அம்பேத்கர் இதை விரிவாக ஆராய்ந்தார். பெயரில் என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தை அவர் ஏற்கவில்லை. பெயருக்கு ஆற்றல் உண்டு என்றார். அதே வேளையில், பழைய அமைப்புக்குள் இருந்துகொண்டு பெயரை மட்டும் மாற்றுவது பயன் தராது என்பதற்கு 'ஹரிஜன்' போன்ற பெயர்களையே எடுத்துக்காட்டினார். ஒளிந்துகொள்வதற்காகத் தேரும் பெயர் நம்மை நெடுநாள் ஒளித்துவைக்காது. அதற்காகப் பாட்டியின் பெயரை விலையாகக் கொடுப்பது வீண்.

சட்டம் தரும் இடம்

தலைப்பெழுத்து தந்தையுடையதாகவே இருக்க வேண்டும் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 எங்கும் கூறவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் தாயின் பக்கம் நகர்ந்திருக்கின்றன. தாயும் இயற்கைக் காப்பாளரே என்பதை கீதா ஹரிஹரன் வழக்கு (1999) வலுப்படுத்தியது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தந்தை இறந்த பின் குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று அகெல்லா லலிதா வழக்கில் (2022) தீர்ப்பளித்தது. பெயர் ஒருவரின் அடையாளத்தோடு பிரிக்க முடியாதது என்பதை ஜிக்யா யாதவ் வழக்கு (2021) நிலைநிறுத்தியது.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பெயரின்றிப் பதியலாம். பின்னர் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி பெற்றோர் பெயரைத் தெரிவித்துச் சேர்க்கலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமில்லை; அதன் பின் காலதாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட்டு மருத்துவமனையிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. 15-ஆம் பிரிவு பிழைகளைத் திருத்துவதற்கானது, மனமாற்றத்துக்கானதன்று. வளர்ந்தபின் மாற்ற விரும்பினால் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டிவரும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்குமான சான்று. எனவே அதில் ஏறும் எழுத்து முன்னைவிடக் கனமானது.

நடைமுறையில் நம் மாணவர்களை அதிகம் வதைப்பது பெயர்களுக்கிடையிலான முரண்பாடு. ஆதாரில் விரித்தெழுதிய பெயர், மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து, சாதிச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்வது தடைபடக்கூடும். இரண்டாம் பெயர் சேர்ப்பதாயின் பிறப்புச் சான்றிதழிலேயே சேர்க்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்ற வேண்டும். வீட்டில் அழைக்க ஒரு பெயர், ஆவணத்தில் வேறு பெயர் என்று விட்டுவிட்டால், பாட்டியின் பெயர் தொட்டிலோடு முடிந்துவிடும்.

எனவே, யாரை எழுதுவது?

முதற்பெயர் குழந்தையுடையது. அது எவ்வளவு புதியதாகவும் இருக்கலாம்; இருக்கட்டும். நடுப்பெயர் அவள் எவரிடமிருந்து வருகிறாள் என்பதைச் சொல்லும் இடம். காவிரிப் படுகையில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்த பெண்களின் பெயர்கள் பட்டாவில் இல்லை. ஊர்க் கல்வெட்டிலும் கோயில் உபயப் பலகையிலும் இல்லை. வெண்மணியில் அவர்கள் பெயர் கல்லில் ஏறுவதற்கு அவர்கள் எரிந்து சாக வேண்டியிருந்தது.

பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஏறக்கூடிய அரசு ஆவணம். 'வெண்மணி அஞ்சலை', 'சாவித்திரி காத்தாயி' என்று ஒரு பெண் தன் பட்டச் சான்றிதழில் கையொப்பமிடும் நாளில், அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர் தம்மைத்தாம் வெளிப்படுத்திக்கொள்வார். கட்டணமில்லாத பன்னிரண்டு மாதங்கள் இருக்கின்றன. தீர்மானிப்பதற்கு முன் அப்பாயியையும் அம்மாயியையும் ஒருமுறை கேளுங்கள்: அவர்களுக்கு அப்பெயரை வைத்தவர் எவர், அது தொடர்வதில் அவர்களுக்கு விருப்பம் உண்டா என்று.