அமாவாசைக்கு மேல்மலையனூர்... பகலில் செஞ்சிக் கோட்டை!

2019-ல் ஜப்பானில் ரக்பி உலகக் கோப்பை நடந்தபோது, வெளிநாட்டு ரசிகர்கள் பலர் மேட்ச் முடிந்த கையோடு விமானம் ஏறிவிடவில்லை. ஆட்டம் 80 நிமிடம்தான். அடுத்த ஆட்டத்துக்குச் சில நாள் இருக்கும். அந்த இடைவெளியில் கோயில், வெந்நீர் ஊற்று என்று ஊர் சுற்றினார்கள்.

மேல்மலையனூருக்கு வருகிறவர்களில் பலர் இதற்கு நேர் எதிர். அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். பூசாரிகள் தாலாட்டுப் பாட, கூட்டம் மொத்தமும் கற்பூரம் ஏற்றி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். விடிவதற்குள் கிளம்பியும் விடுகிறார்கள். சுமார் 20 கி.மீ. தள்ளி செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்!

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால், வரிசை முக்கியம். ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, காலையில் ராஜகிரி ஏறலாம் என்று நினைக்காதீர்கள். சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறினால் பாறை சுடும். வண்டி ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வேண்டாமா? அதனால் கோட்டை முதலில், காலையிலேயே. தண்ணீர் பாட்டில் அவசியம். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் பொல்லாதவை.

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு, முகலாயப் படையை ஏறக்குறைய எட்டு வருடம் வெளியிலேயே நிறுத்தியது. எப்படி என்பது, உச்சிக்கு முன்னால் உள்ள பாறைப் பிளவைப் பாலத்தில் கடக்கும்போது புரியும். மலையேற முடியாத பாட்டிக்கு அடிவாரத்திலேயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம், வெங்கட்ரமணர் கோயில் இருக்கின்றன. நிழலும் உண்டு.

தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான்.

மதியம் செஞ்சியில் சாப்பிட்டு ஒரு தூக்கம். சாயங்காலம் வளத்தி வழியாக மலையனூர். மாசி அமாவாசையை மட்டும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். மயானக் கொள்ளை என்று ஊரே நிரம்பி வழியும். கோட்டைக்குப் போக வண்டியை வெளியே எடுக்கவே முடியாது.