பல்லைப் பிடுங்குவதா, காப்பதா?

செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவையில் 7, பெல்ஸ்பார் 6. நம் பல்லைப் போர்த்தியுள்ள எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதன் கடினத்தன்மை 5 தான். சோற்றில் கிடக்கும் ஒரு சிறு கல் பல்லை உடைத்துவிடுவதில் வியப்பென்ன?

இதில் நெம்புகோல் தத்துவமும் சேர்ந்துகொள்கிறது. பாக்குவெட்டியில் பாக்கை மூட்டுக்கு அருகில் தள்ளி வைத்தால் எளிதாக வெட்டலாம் அல்லவா? தாடையின் மூட்டு காதருகே இருக்கிறது. அதற்குக் கிட்டத்தில் இருப்பவை கடைவாய்ப் பற்கள். ஓங்கிக் கடிக்கும்போது அங்கே 500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசை எழலாம். அது ஒரு சதுர மில்லிமீட்டர் முனையுள்ள கல்லின்மேல் குவிந்தால், அவ்விடத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 5,000 மடங்கு!

கல் உடைப்பது நொடியில் நடப்பது. சொத்தை அப்படியன்று. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்ட செஞ்சிக் கோட்டை 1698இல்தான் வீழ்ந்தது. சொத்தையும் இத்தகைய நீண்ட முற்றுகையே. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அமிலநிலை பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் சுண்ணாம்புச் சத்து கரைகிறது. உமிழ்நீர் ஓரளவு பழுது பார்க்கிறது. அடிக்கடி இனிப்புத் தின்றால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. எனாமலைத் துளைத்து, அதனடியிலுள்ள டென்டைனையும் கடந்தால், நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழ் வந்துவிடும்.

இனி, வலி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் மறைந்தால், பற்கூழ் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, அடைத்தால் போதும். சூடான காப்பி குடித்தபின் வெகுநேரம் வலிப்பதும், இரவில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிப்பதும் வேறு கதை. கையில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பற்கூழோ கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்டது. அழற்சி வந்தால் வீங்க வழியின்றி உள்ளழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலை தாழ்வதால் அங்கே இரத்த அழுத்தம் சற்றுக் கூடி, வலியும் கூடுகிறது. இந்நிலைக்கு வந்த பற்கூழ் பெரும்பாலும் மீள்வதில்லை.

இதற்குப்பின் ஒருநாள் வலி திடீரென நின்றுவிடும். "கிராம்புத் தைலம் கேட்டது" என்று மகிழ்வோர் பலர். உண்மையில் பற்கூழ் இறந்துவிட்டது. சீழ் வேர்நுனி வழியே எலும்புக்குள் பரவத் தொடங்கியிருக்கும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையால் வீக்கம் வடியலாம். உள்ளே உள்ள காரணம் வடியாது. தாடைக்கடியில் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

பிடுங்குவதா, வேர்ச் சிகிச்சை செய்து காப்பதா என்ற வினா இங்கேதான் எழுகிறது. விடை வலியின் கடுமையில் இல்லை. மிஞ்சியிருக்கும் பல்லில் இருக்கிறது. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவாவது நல்ல சுவர் இருக்கிறதா? வேரைப் பிடித்திருக்கும் எலும்பு உறுதியாக உள்ளதா? வேர் நெடுக்காகப் பிளக்காமல் இருக்கிறதா? இம்மூன்றும் சாதகமானால், பெரும்பாலும் பல்லைக் காக்கலாம். வேர் பிளந்துவிட்டால் பிடுங்குவதே வழி.

எக்ஸ்-கதிர்ப் படம் இவற்றில் இரண்டை நன்றாகக் காட்டும். கால்சியத்தின் அணு எண் 20; ஆக்சிஜனுடையது 8. கதிரை உட்கவர்வது அணு எண்ணின் மும்மடிக்கு ஏறத்தாழ ஏற்றவாறு கூடுவதால் பல்லும் எலும்பும் வெண்மையாகவும், சொத்தையும் சீழ் அரித்த இடமும் கருமையாகவும் விழுகின்றன. மெல்லிய பிளவோ, கதிர் அதன் தளத்தோடு ஒட்டிச் சென்றாலன்றித் தெரியாது. ஆகவே படத்தில் இல்லை என்பதால் பிளவே இல்லை என்று கொள்ளலாகாது. ஒரு பல்லைப் படமெடுக்க ஆகும் கதிர்வீச்சு, இயற்கையில் ஒருநாளில் நாம் பெறுவதை ஒட்டியதே, அஞ்ச வேண்டாம்.

செலவையும் பேசத்தான் வேண்டும். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் உள்ளே குடையப்பட்டது. மேலே உறை போடாவிட்டால் மென்று மென்று பிளந்துவிடக்கூடும். உறைக்குப் பணமில்லாமல் வேர்ச் சிகிச்சையோடு நிறுத்துவது, என் கருத்தில், அரைக் கிணறு தாண்டுவதே. மருத்துவரிடம் இரண்டுக்கும் சேர்த்தே செலவைக் கேளுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், செஞ்சிக்கு அருகே என்றால் புதுச்சேரி மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்திலும் தனியார் மருத்துவமனையைவிடக் குறைந்த செலவில் பார்க்கலாம். எல்லாம் கைமீறினால், சீழ்ப்பல்லை வாயில் வைத்துக்கொண்டு காலம் கடத்துவதைவிடப் பிடுங்குவதே மேல். ஆனால் இடைவெளியை மறந்துவிடக் கூடாது: பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், எலும்பு தேயும். ஞானப்பல்லுக்கு மட்டும் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று அஞ்சிப் பல்லாண்டு வேதனைப்படுவோர் இன்றும் உண்டு. பல்லின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது ஐந்தாம் மூளை நரம்பு; பார்வையைக் கொண்டுசெல்வது இரண்டாம் நரம்பு. இரண்டும் வெவ்வேறு பாதைகள். நீரிழிவு உள்ளவரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பிடுங்கியபின் பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று துப்புவதும், உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதும் வேண்டாம். உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைந்து, குழியை மூடியிருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்து வந்துவிடலாம். இளநீரைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.